கைராசிக்காரரின் தராசு

எடைக்காரர் அட்டைப்பெட்டி அக்காவுக்குப் பட்டிருந்த கடன் ஆறாயிரத்து நாற்பது. கை நீட்டி வாங்கிய கடன் இல்லை. அக்கா ஒருநாளும் கேட்டதும் இல்லை. அப்படி ஒரு கடன் நான்கு வருடமாக ஏறிக்கொண்டிருந்தது எடைக்காரருக்கே தெரியாது.

ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர் அவர். இன்றைக்கு மூன்று கடை, சொந்த லாரி. அன்றைக்கு இருந்தது ஒரு தகரக் கொட்டகை. பழைய இரும்பு, பேப்பர், அட்டை வாங்கி மொத்த வியாபாரியின் கிடங்குக்கு ஏற்றுவார். கடையை விட்டுப்போன பெரியவரிடம் மேடைத் தராசையும் சேர்த்தே வாங்கியிருந்தார். கிடங்கில் நிறுத்தால் அவருடைய சரக்கு எப்போதும் கூடுதலாகத்தான் நிற்கும்.

"நம்ம கைராசி அப்படி. தொட்டா கனக்கும்" என்று மார்தட்டுவார்.

அட்டைப்பெட்டி அக்கா மட்டும் ஒவ்வொரு மூட்டைக்கும் முகத்தைச் சுளிப்பாள். கடைத்தெருவெல்லாம் சுற்றிக் காலி அட்டைப்பெட்டி பொறுக்கி வருகிறவள். "தம்பி, தூக்கிட்டு வந்த தோளுக்குத் தெரியாதா? உன் தராசு என்னமோ பட்டினி கிடக்குது."

"உனக்கு வயசாச்சுக்கா, கனம் கூடத்தான் தெரியும்."

அப்போதுதான் எடைக்காரருக்குப் பெண் குழந்தை பிறந்தது. இதயத்தில் ஓட்டை. அறுத்துத்தான் மூட வேண்டும், ஆனால் ஆறு கிலோ வராமல் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். மூன்று மணிக்கு ஒருமுறை அறுபது மில்லி பால், நீர் இறங்க ஒரு மருந்து. அறுபது மில்லி என்றால் நமக்கு இரண்டு மடக்கு. அந்தப் பிள்ளைக்கு அது மலையேற்றம். நாலு உறிஞ்சு உறிஞ்சும், நெற்றி வியர்க்கும், கண்ணைச் செருகிக்கொண்டு தூங்கிவிடும். உள்ளங்காலைச் சுண்டி எழுப்ப வேண்டும். ஒரு பாட்டில் முடிய ஒரு மணி நேரம். முடித்துத் தோளில் போட்டால் பாதியைக் கக்கிவிடும். பாட்டிலைக் கழுவிக் கொதிக்க வைத்து நிமிர்ந்தால் அடுத்த வேளை வந்து நிற்கும். அவருடைய மனைவி உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். தலை சீவி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே கணக்கில்லை.

எடைக்காரர் தினமும் காலையில் கொட்டகைக்குத் தூக்கி வந்து தராசில் துணி விரித்துப் பிள்ளையைக் கிடத்துவார். ஏழாம் மாதம் நாலரை காட்டியது. அதே வாரம் ஆஸ்பத்திரியில் ஐந்து.

"அவங்க மெஷின் ஏத்திக் காட்டுது. எடை போட்டே வளந்தவன் நான், எங்கிட்டயா?" என்றார். பதினைந்து நாள் கழித்தும் அவருடைய தராசு நாலரையைவிட்டு அசையவில்லை. "தொண்ணூறு குடு."

"ஏங்க, அறுபதுதானே சொன்னாங்க?"

"அவங்க சொல்ற அஞ்சே பொய். பிள்ளை வத்திப்போகுது, நீ மில்லி எண்ணிட்டு இருக்கே."

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. கொடுத்தாள். ஐந்தே நாளில் முள் ஐந்து கிலோவைத் தொட்டது. எடைக்காரர் கொட்டகையில் இருந்தவனுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் விடிந்தபோது பிள்ளையின் இமை வீங்கியிருந்தது. மூச்சுக்கு மூச்சு விலாவுக்குள் குழி விழுந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நிறுத்தாள். "அஞ்சு அறுநூறு."

"பாத்தியா!" என்றார் மனைவியிடம்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "சந்தோஷப்படாதீங்க சார். இது சதை இல்ல, நீர். நெஞ்சுல கோத்திருக்கு. எவ்வளவு பால் குடுத்தீங்க?"

"தொண்ணூறு" என்றாள் மனைவி.

"யாரு சொன்னது?"

"எங்க வீட்டுத் தராசு."

குழந்தையை உள்ளே கொண்டுபோய்க் குழாய் மாட்டினார்கள். எடைக்காரர் நேரே கொட்டகைக்கு வந்தார். வழியில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் ஐந்து, கடையில் ஒட்டிய ஒட்டுப் பிரிக்காமல் வாங்கினார். தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். ஐந்தையும் வைத்தபோது நாலரை. இறக்கினார், தட்டைத் துடைத்தார், மறுபடி ஏற்றினார். நாலரை. விட்டுப்போன பெரியவர் செய்து வைத்த வேலை. கைராசி என்று நான்கு வருடம் பீற்றிக்கொண்டது எது என்று அப்போது விளங்கியது.

தராசை அன்றைக்கே கிடங்குக்காரரிடம் உடைசல் விலைக்குத் தள்ளினார். சரியான தராசு வாங்கிக் கொட்டகையில் வைத்தார். பிள்ளையை அதில் ஏற்றவில்லை.

பன்னிரண்டு நாள் உள்ளே. அப்புறம் மறுபடி அறுபது, மறுபடி உள்ளங்கால். இந்தத் தடவை பாதி வேளைகளை அவரே உட்கார்ந்து புகட்டினார். வியாபாரம் பாதியாய்ப் போனது. மூன்றரை மாதம் இழுத்தது. ஆறு கிலோ வந்தது, ஆஸ்பத்திரி மெஷினில். நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்தார்கள். நாற்பது நாள் கழித்து, காய்ந்த தையலோடு அந்தப் பிள்ளை ஒரு பாட்டிலை நடுவில் தூங்காமல் ஒரே மூச்சில் குடித்தது. மனைவி பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள். அழக்கூட அவளுக்கு அதுவரை நேரம் கிடைக்கவில்லை.

அந்த வாரம் எடைக்காரர் பழைய நோட்டை எடுத்தார். மற்றவர்கள் வந்து விற்றுப் போகிறவர்கள், நோட்டில் பெயரில்லை. அக்காவுக்கு மட்டும் வாரக் கணக்கு. தராசு காட்டிய ஒவ்வொரு ஒன்பது கிலோவுக்கும் ஒரு கிலோ பாக்கி. படித்தவனுக்குக்கூடச் சட்டென்று பிடிபடாத கணக்கு. விரல் விட்டே முடித்தார்.

பணம் சேர இன்னும் எட்டு மாதம் ஆனது. அக்கா மூட்டையை இறக்கியதும் விஷயத்தைச் சொன்னார்.

"அப்பவே சொன்னேன்ல, பட்டினித் தராசுன்னு" என்றாள் அவள். "மூணு வருஷத்துக்கு மட்டுமா போட்டே? பழைய தராசுல நான் போட்டது நாலு வருஷம்."

"நாலுக்கும்தான்க்கா."

"எங்கே, எண்ணு. வாயால எண்ணு, எனக்குக் கேக்கணும்."

முந்தானையில் துடைத்துக் கையை விரித்தாள். எடைக்காரர் சத்தமாக எண்ணி ஒவ்வொரு நோட்டாக அதில் வைத்தார், கடைசி நாற்பது வரைக்கும்.