பினாயில் மேல் போட்ட பழி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு. பாதி மறந்தும் விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மளிகைக் கடையில் கற்பூரப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் பழைய கோபமும் கூடவே ஏறிவிட்டது.

தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. தற்காலிகம்தான், நிரந்தரமாக்கச் சொல்லி என் பெயர் மேலே போயிருந்த சமயம். அங்கே மலர் என்ற பெண் பூதலூரிலிருந்து ரயிலில் வந்து ஆராய்ச்சி செய்தாள். வயலுக்கு அடிக்கிற மருந்து வாய்க்கால் தண்ணீரில் எவ்வளவு கலக்கிறது என்று பார்ப்பாள். தண்ணீரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடப்பாள், பாவம். அதனால், தண்ணீரில் கலந்திருப்பதை இங்கேயே தாளில் கோடு கோடாகக் காட்டிவிடுகிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மிஷின் லாரியில் வந்த அன்று அவள் முகத்தில் கல்யாணக் களை. பெட்டியை இறக்க நெல் மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள்.

"மூட்டை இல்லண்ணே, மெதுவா!" என்று பதறினாள் மலர்.

"ஏன் தங்கச்சி, பொண்ணு வீட்டுச் சீரா?"

நான்கூடச் சிரித்துவிட்டேன். பத்துப் பேர் முன்னால் சிரிக்கவே எனக்குக் கூச்சம்.

மிஷின் வைத்தது ஏசி அறை, ஜன்னல் திறப்பதில்லை. துறைத் தலைவர் வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குக் கற்பூரம் காட்டினார். கொஞ்ச நாளில், எந்தத் தண்ணீரை வைத்தாலும் தாளில் ஒரே இடத்தில் ஒரு கோடு எழுந்து நின்றது. ஏதோ வேண்டாதது கலக்கிறதாம். தலைவர் என்னைத்தான் கூப்பிட்டார்.

"பினாயில் ஊத்தித் தொடச்சியா?"

"வராண்டால மட்டுந்தான் சார். உள்ள வெறும் தண்ணி."

"பொய் சொல்லாத. மிஷினையே கெடுத்துட்ட."

அப்படியே எழுதி என் ஃபைலில் வைத்தார். நிரந்தரம் அதோடு நின்றது. ஒரு தடவை சொன்னதோடு விட்டுவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு எரிச்சல்.

மலர் விடவில்லை. "அக்கா, உங்க பினாயில்ல ஒரு சொட்டு குடுங்க." அதையும், தலைவர் தட்டில் கிடந்த கற்பூரத் துணுக்கையும் அதே மிஷினில் வைத்துப் பார்த்தாள். பினாயிலின் கோடுகள் வேறெங்கோ விழுந்தன. கற்பூரத்தின் கோடு அச்சாக அதே இடத்தில் நின்றது. தாள்களைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினாள்.

"சாமி காரியத்துல ஆராய்ச்சி வேணாம்மா." டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

ஆனால் அடுத்த வெள்ளி முதல் கற்பூரம் இல்லை. சில வாரத்தில் கோடும் மறைந்தது. நீங்களே சொல்லுங்கள், தப்பு எது என்று தெரிந்துதானே நிறுத்தினார்? கற்பூரத்தை நிறுத்தத் தெரிந்த கைக்கு, ஃபைலில் எழுதியதை அடிக்கத் தெரியாதா?

கடைசிவரை தற்காலிகமாகவே துடைத்தேன். மலர் டாக்டர் பட்டம் வாங்கி வெளியூர் போய்விட்டாள். தலைவர் பொன்னாடையோடு ஓய்வு பெற்றார். மிஷின் பழசாகி ஏலத்தில் போனது. அந்த அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளாம்.

மிஷின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள். அந்த ஆபீஸ் பக்கம் போகிறவர்கள், என் ஃபைலில் அந்த எழுத்து இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.