பிரேக் அக்காவின் காலை மாத்திரை

எங்கள் பகுதியில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேரை அக்காதான் ரோட்டில் இறக்கிவிட்டார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பயிற்சி வண்டியில் சொல்லித்தருகிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அக்கா மிதிக்கிற வேகத்தைப் பார்த்து யாரோ ‘பிரேக் அக்கா’ என்று கூப்பிட, ஓட்டுநர் பள்ளியின் முதலாளி உட்பட எல்லோரும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள்.

அக்கா குரலை உயர்த்த மாட்டார். ஒருமுறை, நின்றுகொண்டிருந்த பால் வண்டியை நோக்கி நான் நேராக ஓட்டிப் போனேன். அவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். வண்டி தானாக நின்றது போல நின்றது. “இந்தா, ஒரு சுளை சாப்பிடு. சாப்பிட்டுட்டு ரிவர்ஸ் எடு” என்றார். அவ்வளவுதான்.

அவருடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. அக்கா எதற்கும் பதறாதவர் என்றால், அவர் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பதறி வைத்துக்கொள்கிறவர். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. முதல் மூன்று வருஷம் எல்லோரும் விசாரித்தார்கள். பிறகு அவர்களே அலுத்து விட்டுவிட்டார்கள்.

அக்காவுக்கு முப்பத்துமூன்று நடந்தபோது, ஒரு நாள் காலையில் முன்னால் போன லாரியின் டீசல் வாடை பிடிக்காமல் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு இறங்கி வாந்தி எடுத்தார். பத்து வருஷமாக அந்தப் புகையைச் சுவாசித்தவர். வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் சோதனை அட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு கோடு. நேரே கண்ணாடிக் கடைக்குப் போய், லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த கணவரின் காதில் விஷயத்தைச் சொன்னார். அந்த லென்ஸ் அன்றைக்குக் குப்பைக்குப் போனது. காத்திருந்த வாடிக்கையாளருக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. கடைக்காரர் ஏன் அழுதுகொண்டே தன் கையைப் பிடித்துக் குலுக்குகிறார் என்று திகைத்து நின்றாராம்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்தார்கள். நிதானமாகப் பேசுகிற அம்மா அவர். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இங்கேதான் ஒரு வேடிக்கை. எதிரே பேருந்து வந்தாலும் கண் இமைக்காத அக்காவுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். கையை மடக்கிக்கொண்டு லேபுக்குள் போனால், அங்கே ஊசியும் கையுமாக நின்றது அவருடைய மாணவி.

அந்தப் பெண் ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றிருந்தாள். மற்ற இடமெல்லாம் நன்றாகத்தான் ஓட்டுவாள். நாலு ரோட்டுச் சிக்னல் வந்தால் போதும், கை கால் கட்டிப்போட்டது போலாகி வண்டி நின்றுவிடும். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். தினமும் காலையில் அக்கா அவளைத் தேற்றுவார். இன்றைக்கு அவள் முறை.

“கைய நீட்டுங்கக்கா. மூச்சை மெதுவா விடுங்க. கிளட்ச் விடற மாதிரி.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் குழாயில் ரத்தம் ஏறியிருந்தது.

முடிவுகள் வந்தபோது எல்லாம் சரியாக இருந்தன, தைராய்டைத் தவிர. அதைக் காட்டும் டி.எஸ்.எச். என்கிற எண் இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. ஐந்தே முக்கால் சொச்சம். டாக்டர் மறுநாள் வரச் சொல்லியிருந்தார். அந்த ஒரு நாள் போதாதா? கணவர் ஃபோனில் தேடித் தேடிப் படித்தார். குழந்தைக்கு மூளை வளராது, குறைமாதத்தில் பிறக்கும் என்று கண்ணில் பட்டதையெல்லாம் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு, டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆறு வருஷம் கழித்து வந்தது கைநழுவிவிடுமோ என்ற நினைப்பை வாய்விட்டுச் சொல்ல அக்காவுக்கும் தைரியம் வரவில்லை.

“பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றார் டாக்டர். “கழுத்துல இருக்கற சுரப்பி கொஞ்சம் சோம்பல் படுது. மூளை அதைத் தட்டித் தட்டி எழுப்புது. அந்தத் தட்டற எண்தான் கூடியிருக்கு. சுரக்கற ஹார்மோன் அளவு இன்னும் சரியாத்தான் இருக்கு.”

முதல் மூன்று மாதம் குழந்தையின் சுரப்பி வேலைக்கு வராது, அதுவரை தாயிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது என்று விளக்கினார். ஒளிவுமறைவு இல்லாமல் இன்னொன்றும் சொன்னார். இவ்வளவு லேசான குறைக்கு எல்லோருக்கும் மருந்து தேவையா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. மருந்தில்லாமலே நல்லபடியாகப் பெற்றவர்களும் ஏராளம். ஆனால் அக்காவின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஒரு பொருளும் இருந்தது. அது இருந்தால் கரு கலைவதற்கோ முன்கூட்டியே பிறப்பதற்கோ வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆகவே சின்ன அளவில் ஒரு மாத்திரை, நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தச் சோதனை. கணவரிடம் ஃபோனை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். அவரும் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

செய்தி மாமியாருக்குப் போனது. அவர் வேறு ஊரில் இருந்தார். அன்று மாலையே ஃபோன் வந்தது: முட்டைக்கோஸ் கூடாது, காலிஃபிளவர் கூடாது, வீட்டில் இருந்தால் தூக்கிப் போடு. அக்கா அதையும் டாக்டரிடம் கேட்டார். சமைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, அயோடின் உப்பை மட்டும் மாற்றாதீர்கள் என்றார் அவர். “டாக்டர் சாப்பிடச் சொல்லிட்டாங்க அத்தை” என்று அக்கா சொன்னார். அப்படியானால் மிளகு தூக்கலாகப் போட்டுச் சமை என்று வந்தது உத்தரவு.

நாலு வாரம் கழித்து மறுபடி சோதனை. எண் இறங்கவே இல்லை என்று சொல்லலாம். ஐந்தரை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்றார் அக்கா. அது உண்மைதான். அப்படியானால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், இரண்டு நாளில் முடிவு செய்யலாம் என்று அனுப்பினார். கணவர் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லேப் பெண்ணின் பயிற்சி. சிக்னலுக்கு முந்நூறு அடி இருக்கும்போது அக்கா கதவுப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தார். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினார். இரண்டு மாத்திரையை வாயில் போட்டு ஒரு மடக்கு குடித்தார்.

“என்னக்கா போட்டீங்க இப்போ?”

“தைராய்டு மாத்திரை. கூடவே இரும்புச் சத்தும். ஒரே வேலையா முடிஞ்சுடும்ல.”

“காபியிலயா?”

“வண்டியில தண்ணிக்கு எங்க போறது? நீ ரோட்டைப் பாரு.”

அவள் ரோட்டைப் பார்த்தாள், ஆனால் வாய் மூடவில்லை. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரில்தான் போடணும். காபிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரமாவது பொறுக்கணும். இரும்பும் கால்சியமும் பக்கத்திலேயே வரக்கூடாது, நாலு மணி நேரம் தள்ளி நிற்கணும். இல்லையென்றால் மருந்து உடம்பில் ஏறாமல் வீணாய்ப் போகும். மருந்துச் சீட்டில் எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா? மாணவர்களுக்கு விதியைப் படி, விதியைப் படி என்று உயிரை எடுக்கிறீர்களே, உங்களுக்கு மட்டும் விதி கிடையாதா? இப்படித் திட்டிக்கொண்டே கியரைக் குறைத்தாள், பச்சை விழுந்ததும் நகர்ந்தாள், இடது பக்கம் வந்த பேருந்துக்கு வழி விட்டாள், வலதுபுறம் திரும்பிப் பூங்கா ஓரமாக நிறுத்தினாள்.

அக்காவின் கால் பிரேக்கைத் தொடவே இல்லை.

“திட்டி முடிச்சிட்டியா?” என்றார். “இப்ப திரும்பிப் பாரு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். சிக்னல் பின்னால் இருந்தது. ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். அக்காவும் சேர்ந்து சிரித்தார். மீதிக் காபி இருக்கையில் கொட்டியது.

அக்கா அன்றைக்கே டாக்டரிடம் உள்ளதைச் சொன்னார். அளவைக் கூட்டவேண்டாம், இதையே முறையாகப் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. கணவர் ஒரு வேலை செய்தார். கடையில் கண் பார்க்கிற அட்டை இருக்குமே, மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறியது, அதே மாதிரி ஓர் அட்டை தயாரித்துச் சமையலறைச் சுவரில் மாட்டினார். முதல் வரியில் உள்ளங்கை அகலத்துக்கு ‘ஐந்து மணி, தைராய்டு, தண்ணீர்’. அடுத்து ‘மதியம், இரும்பு’. அதற்கடுத்து ‘இரவு, கால்சியம்’. கடைசியில் எறும்பு ஊர்வது போல ‘காபி, ஆறு மணிக்குப் பிறகு’. அக்கா தினமும் தூரத்தில் நின்று, “கடைசி வரி எனக்குத் தெரியலைங்க, இப்பவே குடிச்சிடறேன்” என்பார். அவர் கண் சோதிக்கிற லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

அடுத்த சோதனையில் எண் இரண்டேகால். அதன்பிறகு ஏறவே இல்லை. லேப் பெண்ணும் நாலாவது முயற்சியில் தேர்வில் தேறிவிட்டாள். தேர்வு அதிகாரி பக்கத்தில் இருக்கும்போது மனதுக்குள்ளேயே யாரையோ திட்டிக்கொண்டு ஓட்டினாளாம். யாரை என்று அவள் சொல்லவில்லை.

ஏழாம் மாதம் முடிகிற வரை அக்கா வேலைக்கு வந்தார். பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போட்டுக்கொண்டு, இருக்கையைப் பின்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் கால் பிரேக்குக்கு எட்டாத நாளில் நின்றுகொண்டார். பிறகு வீட்டில் நடை, தூக்கம், ஒவ்வொரு தடவையும் ஊசிக்குக் கண்ணை மூடிக்கொள்வது.

நாள் நெருங்கி, ஒரு நாள் பட்டப்பகலில் வலி எடுத்தது. வாடகைக் காரில் போனார்கள். பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த அக்கா ஒவ்வொரு வலிக்கும் ஒருமுறை, ஒவ்வொரு வளைவுக்கும் ஒருமுறை தரையை அழுத்தி மிதித்தார். ஓட்டுநர் பொறுக்கமாட்டாமல், “அம்மா, அங்க ஒண்ணும் இல்லம்மா” என்றார். கணவர் அவருக்குப் பாதி வழி விளக்கம் சொன்னார், பாதி வழி அழுதார்.

பெண் குழந்தை. சரியாக மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. பிறந்த உடனே அழுது, ஊருக்கே தெரியப்படுத்தியது. மூன்றாம் நாள் நர்ஸ் வந்து குதிகாலில் சின்னதாகக் குத்தி, ஒரு காகிதத்தில் சில சொட்டு ரத்தம் எடுத்தார். பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அக்கா இமைக்காமல் பார்த்தார். தன் கையில் குத்தும்போது பார்க்காதவர், குழந்தையின் பாதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு வாரத்தில் முடிவு வந்தது. எல்லாம் சரி.

பிரசவத்துக்குப் பிறகு மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னார். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது அக்காவின் எண் நல்லபடியாக இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும், அசதியோ படபடப்போ இருந்தால் உடனே வரவேண்டும் என்றார்.

குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. அக்கா பயிற்சிக்குப் போகிற நேரத்தில் கண்ணாடிக் கடையில் அப்பாவிடம்தான் இருக்கிறாள். கீழ்த்தட்டில் இருக்கிற ஃபிரேம்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாக மாட்டிக்கொண்டு, கடைக்கு வருகிறவர்களை முறைக்கிறாள். நான் போனமுறை படிக்கிற கண்ணாடி வாங்கப் போனபோது, என் காலைப் பிடித்து இழுத்து, எனக்கும் ஒன்றை நீட்டினாள். குனிந்து வாங்கி மாட்டிக்கொண்டேன். அவள் அப்பா லென்ஸ் தேய்த்துக்கொண்டே, அது உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.