சர்க்கரை செய்யாத காயம்

ஒலக்கூர் பக்கத்தில் விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை மழையில் நனையவிட்டேன் என்று என் கணவர் முகத்தில் குத்தினார். கீழே விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி, அதே இடத்தில் மறுபடியும் குத்தினார். சில நாட்களில் இடது கண்ணில் கறுப்புத் திரை இறங்கியது.

“உனக்கு சுகரு ஏறிடுச்சி, அதான்” என்றார். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதால் நானும் நம்பினேன். சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவந்தேன்.

பார்வை முழுதும் மங்கியபின்தான் திண்டிவனத்துக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா இரண்டு விழித்திரைகளையும் படமெடுத்து, கம்ப்யூட்டரில் அருகருகே காட்டினார்.

“இந்த ரத்தப் புள்ளிங்க சுகரால வந்தது. ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரி இருக்கு. ஆனா இடது கண்ணுல மட்டும் விழித்திரை கிழிஞ்சி பிரிஞ்சிருக்கு. இது பலமா அடிபட்டதும்மா. எப்படி?”

“கதவுல இடிச்சிக்கினா” என்று கணவர் முந்திக்கொண்டார்.

“இல்லீங்க டாக்டர், இவரு கைதாங்க” என்றேன். டாக்டரம்மா எதிரிலேயே கணவர் என்மேல் கையை ஓங்கினார்.

ஆபரேஷனில் பாதிப் பார்வைதான் திரும்பியது. இப்போது விழுப்புரத்தில் மகளோடு இருக்கிறேன். கல்யாணமானதிலிருந்து அவர் பெயரை என் வாயால் சொன்னதே இல்லை. இப்போது கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று யார் கேட்டாலும், பெயரோடு சொல்கிறேன்.