ஒரு போனுக்கு எத்தனை பேர்?

செல்போன் விளையாட்டை வைத்துப் பாடம் நடத்துகிறவர்களே, நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். கொச்சி மட்டாஞ்சேரி இஞ்சிக் குடோன்களில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்களுக்கு, சாயங்காலங்களில் மலையாளம் படிக்கச் சொல்லித்தருகிறேன். பேச்சில் வெளுத்து வாங்குவார்கள். எழுத்தென்றால் மட்டும் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

எட்டுப் பேர்

முதலில் என் போன் ஒன்றுதான். விளையாட்டில் மேலிருந்து எழுத்து விழும், அதன் சத்தத்தைச் சொல்லும் பொத்தானைத் தொட வேண்டும். எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். முத்துலட்சுமி போனைக் கையில் வாங்கியவர்தான், வாரக் கடைசியில் திரை முழுக்க நட்சத்திரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னால் இருந்த செல்வியிடம், "எந்த எழுத்தெல்லாம் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எழுத்தா? எனக்கு முத்துலட்சுமி அக்கா முதுகுதான் தெரிஞ்சுது டீச்சர்."

ஆளுக்கொன்று

தெரிந்தவர்களிடம் பழைய போன்களைக் கேட்டு வாங்கி, ஆளுக்கொன்று கொடுத்தேன். அறையில் சத்தமே இல்லை. அடடா, என்ன கவனம் என்று பூரித்துப்போனேன். இரண்டு நாளில் செல்வி வருவதை நிறுத்திவிட்டாள். மலையாளத்தில் 'ப'வும் 'வ'வும் அசப்பில் ஒரே மாதிரி இருக்கும். அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"எனக்கெல்லாம் இது வராது டீச்சர். தப்பு தப்புங்குது. ஏன் தப்புன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குது."

மூன்று பேர்

கெஞ்சிக் கூட்டி வந்து, முத்துலட்சுமி, பாத்திமா, செல்வி மூவருக்கும் ஒரே போனைக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் போன் கை மாற வேண்டும், மூன்று பேரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் தொட வேண்டும் என்றேன். அவ்வளவுதான், அறை இரண்டுபட்டது. "வளைவப் பாருடீ, இது 'வ'!" என்று முத்துலட்சுமி கத்த, "இல்லக்கா, 'ப'தான்" என்று செல்வி விட்டுக்கொடுக்காமல் நின்றாள். தொட்டார்கள். 'ப'தான்! செல்வி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கீழே சாயாக் கடை நடத்தும் சேட்டன், ஏதோ சண்டை என்று பதறி மேலே ஓடிவந்தார்.

"டீச்சரே, இது கிளாஸோ, வழக்கோ?"

ஒருத்தி

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் செல்வி தனியாக நின்றிருந்தாள். வந்த பஸ்ஸின் போர்டை உதடு அசையப் படித்தாள். "பள்ளுருத்தி!" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, யாரையும் கேட்காமல் ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறி, "தனியாவே படிச்சிட்டியே!" என்றேன்.

"தனியாவா? மனசுக்குள்ள மூணு பேரும் சண்ட போட்டுத்தான் டீச்சர் படிச்சோம்."

ஆகவே சக வாத்தியார்களே, உங்கள் வகுப்பில் சத்தமே இல்லையென்றால், தயவுசெய்து கொஞ்சம் கவலைப்படுங்கள்.