கெயில்ராவுக்கு நாலு அர்த்தம்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் சான்பீட் பள்ளத்தாக்கில் பிள்ளைக்குப் பேர் வைப்பது பெற்றவர்கள் பாடு என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு வெர்டீன் ஓல்சனைத் தெரியாது. வயிறு லேசாக மேடு தட்டியதுமே பெண்கள் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கையில் கேரட் சீவிப் போட்ட பச்சை ஜெல்லியோ, சீஸ் உருக்கி ஊற்றிய உருளைக்கிழங்கோ இருக்கும். வெர்டீன் தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு பேரின் தலையையும் இன்னொரு பேரின் வாலையும் வெட்டி ஒட்டி, நடுவில் வேண்டாத ஓர் எழுத்தைச் செருகுவாள். பிறகு கண்ணைத் திறந்து, தேவாலயச் சபைப் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற வழக்கப்படி, "சிஸ்டர், இது ரொம்பப் பழைய பேரு" என்பாள். அதற்கு வயது ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இந்தக் கோளாறு அவள் சொந்தப் பேரில் தொடங்கியது. அப்பா பேர் வெர்ல், தாத்தா பேர் டீன். ஆண் பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டையும், பிறந்தது பெண் என்றதும் ஒட்டுப்போட்டு அவள் தலையில் கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஒருமுறை அவரவர் பேருக்குப் பொருள் கேட்டு வரச் சொன்னார். வெர்டீன் அப்பாவிடம் போய் நின்றாள். வான்கோழிக் கொட்டகையில் தீனி கொட்டிக்கொண்டிருந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அர்த்தமா? கூப்பிட்டா திரும்பணும். அவ்வளவுதான்."

மறுநாள் வகுப்பில் அவள் எழுந்து, வெர்டீன் என்றால் பிரெஞ்சு மொழியில் பசும்புல்வெளியின் அரசி என்றாள். ஆசிரியை கைதட்டினார். பொய்க்குக் கைதட்டு கிடைக்கும் என்பதைப் படித்த அன்றோடு அவள் படிப்பு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

வளர்ந்து, வான்கோழி லாரி ஓட்டும் டெல்மரைக் கட்டிக்கொண்டாள். பிறந்த மூன்றுக்கும் ட்ரேக்ஸ்டன், ப்ரின்லோ, ஸாரிண்ட்ரா என்று வைத்தாள். டெல்மருக்குக் கடைசிவரை மூன்றாவது வாயில் நுழையவில்லை. "பாப்பா" என்றே ஓட்டிவிட்டார்.

அவள் கைவண்ணத்தில் ஓகோ என்று ஓடியது கெயில்ரா. முதலில் ஷாண்டெல் என்பவளின் மகளுக்குக் கொடுத்தாள். நாக்குக்கு இதமாக இருந்ததால் பக்கத்து ஊர் மார்லிஸுக்கும் கொடுத்தாள். பிறகு இன்னும் இரண்டு பேருக்கு. நாலு பேரும் வேறு வேறு சபைக்குப் போகிறவர்கள் என்பதால் அவளுக்குக் கவலையில்லை. ஒவ்வொருத்தியிடமும், "இந்தப் பள்ளத்தாக்குலயே வேற யாருக்கும் இந்தப் பேரு கிடையாது, கண்ணு" என்றாள். அர்த்தத்தை மட்டும் அப்போதைக்கு என்ன தோன்றியதோ அதைச் சொன்னாள்.

குழந்தைகள் நடக்கத் தொடங்கின. ஜூலையில், யூட்டாவில் முதலில் குடியேறியவர்களைக் கொண்டாடும் முன்னோடிகள் தினம் வந்தது. பள்ளத்தாக்கு முழுக்கப் பூங்காவில் கூடியிருக்க, பழங்காலத் தொப்பி அணிந்த சிறுமிகளுக்குப் போட்டி நடந்தது.

"முதல் பரிசு, கெயில்ரா!" என்று ஒலிபெருக்கி அலறியது.

நாலு தொப்பிகள் மேடையை நோக்கி ஓடின. பின்னாலேயே நாலு தாய்மார்கள்.

"எம் பொண்ணுதான் முதல் கெயில்ரா" என்றாள் ஷாண்டெல். "ஐரிஷ் பேரு. மலை மேல நிக்கிற வெளிச்சம்னு அர்த்தம்."

"ஐரிஷா? எந்தக் கிறுக்கு சொன்னது?" என்றாள் மார்லிஸ். "எபிரேயம். வேண்டிப் பெத்த பொண்ணுன்னு அர்த்தம்."

"ஹவாய் மொழின்னு எங்கிட்ட சொன்னாங்களே!" என்று மூன்றாமவள் பதறினாள். "கடல் நுரைன்னு!"

நாலாமவள் மகளின் தொப்பியை இழுத்துச் சரிசெய்தாள். நார்வே ராணி என்று தொட்டிலிலேயே செதுக்கி வைத்தவள் அவள்.

நாலு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். மரத்தடியில் வெர்டீன் வாய் நிறைய ஜெல்லியோடு உட்கார்ந்திருந்தாள். நிதானமாக விழுங்கினாள்.

"நல்ல பேருன்னா நாலு பாஷையிலயும் இருக்கும்" என்றாள்.

"யாருக்குமே கிடையாதுன்னு சொன்னீங்களே, சிஸ்டர்?"

"உனக்குச் சொன்னப்ப யாருக்கும் இல்லதானே, ஷாண்டெல்?"

பக்கத்திலிருந்த டெல்மர் தொப்பியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது அழுகையால் அல்ல.

"இனிமே உங்க வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தா என்னன்னு கேளுங்க" என்று சொல்லி ஷாண்டெல் மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். கோடை முழுதும் வெர்டீன் வீட்டுக்கு ஜெல்லி வரவில்லை. சபையில் அவளுக்கு இருபுறமும் இருக்கை காலியாகவே கிடந்தது. அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. ஆனால் வாசலில் கார் சத்தம் கேட்டால் எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

இதில் வேடிக்கை, அந்த நாலு பேரில் ஒருத்திகூடப் பேரை மாற்றவில்லை. தனக்குச் சொன்ன அர்த்தமே அசல், மற்ற மூன்றும் புளுகு என்று ஒவ்வொருத்தியும் சாதித்தாள். முதல் பனி விழுவதற்குள் புதிதாக ஒருத்தி உருளைக்கிழங்குத் தட்டோடு வந்து நின்றாள். "கெயில்ரா மாதிரி வேணும், சிஸ்டர். ஆனா கெயில்ரா வேணாம்." ஏமாறுவதற்கு இப்படி வரிசையில் நிற்கிற ஊரில் ஏமாற்றுகிறவளை மட்டும் என்ன சொல்ல?

வசந்தத்தில் ஸாரிண்ட்ராவுக்குப் பிரசவம். வெர்டீன் மாதக்கணக்காக ஒரு பேரைத் தீட்டி வைத்திருந்தாள். ப்ரோவோ நகரத்திலிருந்து மகள் போனில் கூப்பிட்டாள்.

"பொண்ணும்மா. ஜேன்னு வெச்சிட்டோம்."

"ஜேனா? தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற வெறும் ஜேனா?"

"வெறும் ஜேன்தான். எம் பேரை ஒவ்வொரு ஆபீஸ்லயும் எழுத்தெழுத்தாச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

"சரி சரி. ஜேனுக்கும் பழைய நார்வேல ஒரு அர்த்தம்…"

"அர்த்தம் எதுவும் வேணாம்மா. கொழந்தையைப் பாக்க வா, போதும்."

போனை வைத்துவிட்டு வெர்டீன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஜேனாம்" என்றாள்.

"எனக்கு வாயில நுழையுது" என்றார் டெல்மர்.

அவள் எழுந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவத் தொடங்கினாள். மறுநாள் பேத்திக்கென்று பின்னி வைத்திருந்த குரோஷா போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு ப்ரோவோவுக்குக் கிளம்பினாள். வழியில் பெட்ரோல் பங்கில் ஒருத்தி பேத்தியின் பேரைக் கேட்டாள்.

"ஜேன். ரொம்ப அபூர்வமான பேரு" என்றாள் வெர்டீன்.