காயாத கோட்டு

பொன்மணி பருத்தி தவிர வேறு துணி உடுத்தி நான் பார்த்ததில்லை. தம்பி கல்யாணத்துக்கும் கஞ்சி போட்ட கைத்தறிச் சேலைதான். "ஏண்டி, கல்யாணத்துக்கு வந்தியா, கம்பெனிக்கு வந்தியா?" என்று கேலி செய்தால், "பழகிருச்சு குருவம்மாக்கா" என்று சிரிப்பாள்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறையில், அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் வேலை பார்க்கிறோம். நைலான் உரசினால் மின்சாரம் பிறக்கும்; கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொறி மருந்துக்குப் போதும். அதனால் உள்ளே பருத்திதான் உடுத்த வேண்டும். அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுபோனவள் அவள் ஒருத்திதான்.

அவள் மகள் ரோஜா பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு கருவி செய்ய வேண்டும். "செல்போனைப் பார்த்து எரிமலை செஞ்சுட்டு வராதீங்க, உங்க வீட்டுக்கு உதவுறதா செய்யுங்க" என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். ரோஜா தாயிடம் கேட்டாள்: "வேலைக்குப் போற இடத்துல ஒனக்கு எதைக் கண்டாம்மா பயம்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், தீ என்பாள் என்று நினைத்தேன். "துணி" என்றாள் பொன்மணி. "எது பருத்தி, எது கலப்படம்னு இப்பல்லாம் தொட்டுப் பார்த்தாத் தெரிய மாட்டேங்குது."

திட்டம் அங்கே பிறந்தது. கண்ணாடிப் பாட்டில், மூடியைத் துளைத்து ஒரு செம்புக் கம்பி, உள்ளே தொங்கும் அதன் நுனியில் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளில் இரண்டு துண்டு. துணியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் தேய்த்துக் கம்பியருகே கொண்டுபோனால், மின்சாரம் தங்குகிற துணிக்குத் துண்டுகள் விலகி நிற்க வேண்டும். தகர மூடி போட்டபோது மின்சாரம் மூடிக்கே போய்விட்டது, ஒன்றும் அசையவில்லை. தக்கை வைத்ததும் வேலை செய்தது.

தெருவே சேலையோடு வந்தது. பருத்தி என்று நான் பீற்றிக்கொண்ட இரண்டு சேலையின் மானம் போயிற்று. அந்த வேடிக்கையில், தீபாவளி சீசனுக்காகக் கம்பெனி கொடுத்த புதுக் கோட்டையும் நீட்டினேன். பருத்திக் கோட்டு என்று சொல்லித்தான் எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

துண்டுகள் விரிந்து நின்றன.

எனக்குக் கோபம் பொன்மணி மேல்தான் வந்தது. "வாயைத் தெறந்துராத. சீசன் நேரத்துல வேலைய விட்டு நிப்பாட்டிட்டா என்னடி செய்வ?" அவள் புருஷன் முனியராஜ் முதுகுவலியில் படுத்ததிலிருந்து இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

மறுநாள் கோட்டு இல்லாமல், சேலைமேல் முனியராஜின் பழைய கதர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். "கோட்டு எங்கம்மா?" என்றார் போர்மேன் மாரிக்கண்ணன்.

"தொவைச்சுப் போட்டேண்ணே. காயல."

அடுத்த நாளும் அதே சட்டை, அதே பதில். "ஏத்தா, நம்ம ஊரு வெயில்லயா காயல?" என்றார். நானோ வேலைக்குப் பயந்து கோட்டைப் போட்டேன். போட்டுவிட்டு உள்ளே கையை அசைக்கவும் பயந்தேன்.

அன்று சாயங்காலம் மாரிக்கண்ணன் பொன்மணி வீட்டுக்கே விசாரிக்க வந்துவிட்டார். ரோஜா பாட்டிலை எடுத்து வைத்தாள். தன் கோட்டைக் கழற்றி அவரே தேய்த்தார். துண்டுகள் விரிந்தன. மறுபடியும் தேய்த்தார். அவர் சம்சாரமும் மருந்தறையில்தான் வேலை பார்க்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் முதலாளி ஜெயச்சந்திரன் கம்பெனி வாசலில் நின்றார். போர்மேன் உடம்பிலேயே கோட்டு இல்லை.

"கோட்டு எங்க, மாரிக்கண்ணா?"

"தொவைச்சுப் போட்டேன் முதலாளி. காயல."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் கோட்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்களும் கழற்றினார்கள்.

"என்ன, எல்லாருக்குமா காயல?" என்றார் முதலாளி.

பொன்மணி முன்னால் வந்தாள். "பொய் சொன்னோம் முதலாளி. கொடியில போட்ட கையோட காஞ்சிருச்சு. பருத்தி அப்படிக் காயுமா?"

முதலாளி என் கையிலிருந்த கோட்டை வாங்கி விரலால் கசக்கிப் பார்த்தார். துணியில் ஒரு சுருக்கமும் விழவில்லை. கோட்டு தைத்துக் கொடுத்தவனை அவரும் நம்பித்தான் இருந்திருக்கிறார்.

"இத்தனை நாளா இதைப் போட்டுக்கிட்டா உள்ள உக்காந்திருந்தீக?"

சாவிக்கொத்தைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்கு மருந்தறைப் பூட்டை யாரும் திறக்கவில்லை.