சாவா மூவா ஆடுகள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். முச்சந்தியில் சுற்றிப் போட்ட எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து ஜூஸ் போட்டுக் குடித்தவன் நான். நீங்கள் சிரித்தாலும் சரி, இதை யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

திருவண்ணாமலையில் தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் கட்டினோம். சைட் இன்ஜினியராக என் பொறுப்பில் வந்த முதல் கட்டடம். தூணுக்குப் பத்தடி தோண்டும்போது ஜேசிபி வாளியில் பலகை மாதிரி ஒரு கல் இடித்தது. மேலே விளக்கு செதுக்கியிருந்தது, கீழே பழைய எழுத்து. கல்வெட்டு படித்த நண்பனுக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"டேய், சோழர் காலத்துதுடா. கோயில் விளக்கு அணையாம எரியறதுக்கு, நெய்க்காக ஆடு எழுதி வெச்சிருக்காங்க. சாவா மூவாப் பேராடுன்னு போட்டிருக்கு. சாவாத, கெழடு ஆவாத ஆடு. ஒண்ணு செத்தா அந்த எடத்துக்கு வேற ஒண்ணு வந்துடணும், எண்ணிக்கை கொறையவே கூடாது. மூடிடாதடா, தாசில்தாருக்குச் சொல்லு."

சொன்னால் வேலை நிற்கும், என்னைத் தூக்கிவிடுவார்கள். மேஸ்திரி ஏழுமலையிடம் கண்ணைக் காட்டினேன். கல்லின் மேலேயே கான்கிரீட்டைக் கொட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம். பட்டப்பகல். திரும்பி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தால், ஐயோ, ஈரக் கான்கிரீட் முழுக்க ஆட்டுக் குளம்புத் தடங்கள்! ஆடு இறங்க வழியே இல்லாத செங்குத்துக் குழி அது. எல்லாத் தடமும் நடுவை நோக்கிப் போகிறது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஏழுமலை கரண்டியால் தேய்த்து மூடினான்.

அடி அண்ணாமலையில் அவன் வீட்டில் பதினோரு ஆடுகள் இருந்தன. மறுநாளிலிருந்து தினம் ஒன்று காணவில்லை. பட்டி பூட்டியது பூட்டியபடியே இருக்கும், உள்ளே ஒன்று குறைந்திருக்கும். நரி, திருடன் என்று நான் வாய்க்கு வந்ததை அளந்தேன்.

"சார், ஒடச்சி அந்தக் கல்ல எடுத்துக் குடுத்துடலாம் சார். இன்னும் ரெண்டுதான் மிச்சம் இருக்குது."

"பைத்தியமாய்யா நீ? மேல தூண் எழுப்பியாச்சு."

அந்த இரண்டும் போனதோடு அவன் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டான். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தான்.

"என்கிட்ட முடிஞ்சிடுச்சி சார். நீங்க உங்க வீட்டப் பாத்துக்குங்க."

என் வீட்டில் ஆடு கிடையாது. வேங்கிக்காலில் மாடி வீடு. நான், மனைவி, இரண்டு வயது மகள். கலெக்டர் ஆபீஸ் நடந்து போகிற தூரம்தான். கல்லைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவ்வளவு பெரிய கோழை நான்.

நான்கு நாளாக, எத்தனை முறை குளிப்பாட்டினாலும் பாப்பாவின் தலையில் ஒரு வாசனை. பால் வாசனைதான் என்கிறாள் மனைவி. கீழ்பென்னாத்தூரில் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியாதா அது என்ன வாசனை என்று?